பீஸ் ரேட்டை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோவைப் பட்டறைகளில் சிறு பாகங்கள் கடைந்து வாங்குவோர் பலர், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவை அனுப்பி ‘பீஸ் என்ன ரேட்?’ என்கிறார்கள். ஒரு பட்டறைக்காரர் இஎன்8 (கார்பன் கூடிய எஃகு) என்று கணக்குப் போடுவார், இன்னொருவர் சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) என்று. வரும் விலைகளை எப்படி ஒப்பிடுவது?

எல்லோருக்கும் ஒரே டிராயிங் போக வேண்டும். மெட்டீரியல் கிரேடு, எண்ணிக்கை, பூச்சு எல்லாம் அதிலேயே இருக்கட்டும். பேரிங் அமரும் 20 மி.மீ. துளைக்கு எச்7 டாலரன்ஸ், அதாவது குறித்த அளவைவிட 0 முதல் +21 மைக்ரான் வரை கூடலாம் என்பது (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நியாயம். மற்ற அளவுகளுக்கு பொது டாலரன்ஸுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2102-இன் ‘மீடியம்’ வகுப்பு போதும். எல்லாவற்றுக்கும் ±0.01 மி.மீ. போட்டால் கிரைண்டிங் செலவு வீணாக ஏறும். அதிகம் தகராறு வருவது பிளேட்டிங்கில், அதாவது உலோகப் பூச்சில்தான். 8 மைக்ரான் ஜிங்க் (துத்தநாகம்) ஏறினால் தண்டின் விட்டம் இரு பக்கமும் சேர்த்து 16 மைக்ரான் கூடும், பேரிங் ஏறாது. கொடுத்த அளவு பூச்சுக்கு முன்பா, பின்பா என்று எழுதிவிட வேண்டும்.

செட்டிங் சார்ஜையும், அதாவது மெஷினை அந்த வேலைக்குத் தயார் செய்யும் கட்டணத்தையும், பிரித்துக் கேளுங்கள். செட்டிங் உட்பட 42 ரூபாய் ஒரு விலை. 38 ரூபாயுடன் செட்டிங் 3,000 தனி என்பது இன்னொன்று. 500 பீசுக்கு இரண்டாவது 44 ரூபாய் ஆகிவிடும். 2,000 பீசுக்கு 39.50தான். மெட்டீரியல் யாருடையது, ஜிஎஸ்டி உட்படவா, முதல் சாம்பிளுக்கு அளவு ரிப்போர்ட் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

கொடிசியா (கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம்) போன்ற அமைப்புகள் இதற்கென ஒரு பக்கப் படிவம் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், கணபதி, கோவை