சட்டை மடித்த அந்தக் காட்சி

அன்புத் தோழிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்தது நாலு வரியில் முடிகிற விஷயமாக இல்லை. என் இடது காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. நாடகம் பார்க்கப் போனால் இப்போதெல்லாம் முதல் வரிசைதான். பாதி வசனம் காதில் விழாததால் நடிப்பவர்களின் கையையும் காலையும் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

உன் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். கதைப்பின்னல், பாத்திரம், முரண், உச்சம், தனிமொழி, அரங்கக் குறிப்பு என்று இருபது சொல்லுக்கு விளக்கம் மனப்பாடமாகச் சொல்கிறாள், ஆனால் ஒரு நாடகத்தைக் கையில் கொடுத்தால் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் முழிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் மேல் தப்பே இல்லை. இந்தச் சொற்கள் எல்லாம் மேடையில் நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர்கள். பார்ப்பதற்கு முன்னால் பெயரைக் கொடுத்தால் யாருக்குத்தான் ஒட்டும்?

நம் கல்லூரிக் கடைசி ஆண்டு ஓரங்க நாடகம் உனக்கு நினைவிருக்கும். மகன் வீட்டை விட்டுப் போகிறான். நீ அம்மா. போகாதே என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "மழைக்கு முன்னால் கிளம்பு" என்ற ஒரு வசனம்தான் உனக்கு அந்தக் காட்சியில். ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிவிட்டுச் சட்டையை மடித்துப் பையில் வைத்தாய். மேடையேறிய அன்று என்ன செய்தாய்? மடித்த சட்டையை உதறினாய். மறுபடி மடித்தாய். காலர் சரியில்லாதது போல மூன்றாவது முறையும் பிரித்தாய். அப்புறம்தான் அந்த வசனம் வந்தது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு அடுத்த வரி மறந்துபோகிற அளவுக்கு அரங்கம் அமைதியாகிவிட்டது.

பேத்திக்கு இந்த ஒரு காட்சியைச் சொல், போதும். அம்மாவுக்கு ஒன்று வேண்டும், மகன் போகக் கூடாது. மகனுக்கு வேறொன்று வேண்டும், போயாக வேண்டும். இரண்டும் ஒரே அறையில் நிற்கின்றன. முரண் என்பது இதுதான். சண்டை போட்டுக் கத்தினால்தான் முரண் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வாய் சொல்வது 'கிளம்பு', கை சொல்வது 'இரு'. வசனத்துக்கு அடியில் ஓடும் அந்த இன்னொரு பேச்சுக்கு உட்பொருள் என்று இன்றைக்குப் பெயர் சொல்கிறார்கள். நம் பழைய இலக்கணம் உள்ளுறை என்ற அழகான சொல்லை உவமைக்கு வைத்திருக்கிறது. எனக்கு அதையே இங்கேயும் சொல்லத் தோன்றும். 'டிராமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கே செயல் என்றுதான் பொருள். நீ சட்டையை மூன்றாவது முறை பிரித்தது செயல்.

கதைக்கும் கதைப்பின்னலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாளாமே. நல்ல கேள்வி. இதற்கு நான் எப்போதும் கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தைத்தான் எடுப்பேன். கதை என்று பார்த்தால் அது ஒரு குழந்தை பிறப்பதற்கு முன்பே, 'இவன் தந்தையைக் கொல்வான்' என்ற வாக்கோடு தொடங்குகிறது. குழந்தையைக் கைவிடுகிறார்கள், வேறொரு நாட்டு மன்னன் வளர்க்கிறான், வழியில் ஒரு கிழவனோடு தகராறு, கொலை (அந்தக் கிழவன்தான் பெற்ற தந்தை, நகரத்தின் மன்னன்), புதிருக்கு விடை, அரியணை, தெரியாமலே தாயோடு திருமணம். நாடகத்திலோ இதெல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தொடங்குவது ஒரு நாள் காலையில். நகரத்தில் கொள்ளைநோய். முந்தைய மன்னனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் நோய் தீரும். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் கதை. எதை முதலில் காட்டுவது, எதை ஒளித்து வைப்பது, எப்போது அவிழ்ப்பது என்று முடிவு செய்தால் பின்னல்.

அந்த நாடகத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம் ஒன்று உண்டு. கொலைகாரன் யாராயிருந்தாலும் அவன் நாசமாகட்டும் என்று ஈடிபஸ் எல்லோர் முன்னிலும் சபிக்கிறான். அவனேதான் அந்தக் கொலைகாரன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்திருப்பதை நாடக முரண்நகை என்கிறோம். பெயரில் 'நகை' இருப்பதால் சிரிப்பு என்று பேத்தி எடுத்துக்கொள்ளப் போகிறாள், கவனமாகச் சொல். அப்புறம் ஒரு தூதன் வருகிறான். உன் தந்தை இயற்கையாகவே இறந்தார், நீ பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொல்ல வந்தவன், பேச்சோடு பேச்சாக, அவர் உன்னைப் பெற்றவரே இல்லை என்று சொல்லிவிடுகிறான். நல்லது செய்ய வந்த கையாலேயே எல்லாம் கவிழ்கிறது. அரிஸ்டாட்டில் இதைத் திருப்பம் என்றார். தான் யார் என்று ஈடிபஸுக்குத் தெரியவருவதை அறிதல் என்றார். இரண்டும் ஒன்றாக நிகழ்வதே சிறந்தது என்பது அவர் கருத்து. அவனுக்கு முன்பே மனைவி புரிந்துகொண்டு, மேலே விசாரிக்காதே என்று கெஞ்சிவிட்டு உள்ளே போகிறாள். அவள் போகிற அந்த வாசலை விட்டு நமக்குக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

இன்னொன்று. துன்பியல் நாயகனின் 'ஹமார்ஷியா' என்பதைக் குணக்குறை என்று கையேடுகளில் போட்டு விடுகிறார்கள். அந்தக் கிரேக்கச் சொல் குறி தவறுதலை, தெரியாமல் செய்யும் பிழையைக் குறிப்பது. 'அவன் ஆணவக்காரன், அதனால் அழிந்தான்' என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதுவது எளிது. அந்த மனிதனின் வலி அதில் காணாமல் போகிறது. இதில் எனக்குக் கோபமே உண்டு.

அங்கம், காட்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கம் பெரிய பகுதி, காட்சி அதன் உட்பிரிவு. தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்ற கூம்பு வடிவத்தை 1863-இல் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃபிரைடாக் வரைந்தார். அதில் உச்சம் நடுவில் இருக்கிறது. சத்தம் அதிகமான இடத்தை உச்சம் என்று குறிக்காமல், இனித் திரும்பிப் போக வழியில்லை என்று ஆகிற இடத்தைத் தேடச் சொல்.

துன்பியல் நாடகத்துக்கு அரிஸ்டாட்டில் சொன்ன ஆறு உறுப்புகளையும் அவள் படித்திருப்பாள்: கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சித்தோற்றம். காட்சித்தோற்றத்தைக் கடைசியில் தள்ளியதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு வருகிறது (கோல் என்பது அளக்கும் கோல்). ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. இதையெல்லாம் விட என்னைக் கட்டிப்போடுவது விளக்கு பற்றிய ஒரு வரி. தூணின் நிழல் அரங்கத்தின் மேல் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை நிறுத்தினார்களாம். ஆடுகிறவள் முகத்தில் நிழல் விழுந்தால் என்ன நஷ்டம் என்று தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

முகம் என்றதும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது, நினைவுக்கு வருகிறது. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை வேறு, இழந்ததால் வருவது வேறு, முன்பிருந்த நிலை கெட்டதால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. 'சோகமாக நடி' என்று சொன்னால் நடிகருக்கு ஒன்றும் கிடைக்காது. 'இது இழவா, அசைவா?' என்று கேட்டால் உடம்பே வேறு மாதிரி நிற்கும். அன்றைக்கு உன்னுடையது இழவு. மகன் இன்னும் வாசலைத் தாண்டவே இல்லை, ஆனால் உன் கை அவனை இழந்துவிட்டது.

தனிமொழிக்கும் ஒதுக்குரைக்கும் குழப்பம் வரும். பழைய பிரதிகளில் 'தனக்குள்' என்று அடைப்புக்குறியில் போடுவார்களே, அது ஒதுக்குரை. மேடையில் மற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் காதில் விழாதது போல நாம் ஏற்றுக்கொள்கிறோம். தனிமொழியில் பாத்திரம் தனியாக நின்று தன் மனதைத் திறக்கிறது. 'இதை யார் கேட்கிறார்கள்?' என்ற கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். நான்காம் சுவர் என்பதும் இதே கேள்விதான். நமக்கும் மேடைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருப்பதாக நடிப்பவர்கள் பாவிக்கிறார்கள். தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் வந்தால் அந்தச் சுவருக்கு வேலையே இல்லை. ராஜாவோடு பேசிக்கொண்டே நம் பக்கம் திரும்பி நம்மோடும் பேசுவான்.

சரி, அவளுக்கு ஒரு பயிற்சி கொடு. ஏதாவது ஒரு காட்சியை எடுத்து, வசனங்களை எல்லாம் ஒரு தாளால் மறைத்துவிட்டு அரங்கக் குறிப்பை மட்டும் படிக்கட்டும். யார் வருகிறார், யார் போகிறார், யார் கையில் என்ன இருக்கிறது, அது எப்போது கை மாறுகிறது. பிறகு தாளை எடுத்துவிட்டு வசனங்களைப் படிக்கட்டும். என் காது எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். போன மாதம் பார்த்த ஒரு நாடகத்தில் அண்ணனும் தம்பியும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் தம்பி கடைசி வரைக்கும் செருப்பைக் கழற்றவில்லை. அவன் தங்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் அந்தப் பயிற்சியைச் செய்த பிறகு என்ன கண்டுபிடித்தாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல். நீயும் எழுது. அந்த மூன்றாவது முறை சட்டையைப் பிரித்தது அந்த நேரத்தில் தானாக வந்ததா, முன்னாலேயே யோசித்து வைத்திருந்தாயா? இத்தனை வருஷத்தில் உன்னிடம் கேட்கவே இல்லை.

அன்புடன்,
உன் தோழி