ஹெல்சிங்கியிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுதாததற்கு வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வேலைதான் என்று வைத்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் இங்குள்ள கறுப்பு ரொட்டி, மூன்று நாள் புளித்த தோசை மாவின் வாசம் அதற்கு. இரவில் உருளைக்கிழங்கு. உடம்புக்கு நல்லதென்று நானாகத்தான் சாப்பிடுகிறேன்.

எதிர்வீட்டுத் தாத்தாவைப் பற்றித் தம்பியிடம் சொன்னேனே, நான் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை கதவுக்குப் பின்னாலேயே நிற்பவர். ஆறாம் தேதி அவரே வந்து கதவைத் தட்டினார். இரண்டு மெழுகுவத்திகளை நீட்டினார், ஜன்னலைக் காட்டினார், வாய் திறக்காமல் போய்விட்டார். டிசம்பர் 6 இவர்களுடைய சுதந்திர தினமாம். அன்று மாலை ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். ஏற்றினேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. செனட் சதுக்கத்துக்குக் கிளம்பிவிட்டேன். அணைத்துவிட்டுத்தான், பயப்படாதே.

சதுக்கத்தின் நடுவில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் நிற்கிறார், 1894இல் வைத்த சிலை. 1917இல் விடுதலை வாங்கியும் அவரை இறக்கவில்லை, நாம் சென்னையில் வெள்ளைக்கார கவர்னர் மன்றோவின் சிலையை விட்டுவைத்த மாதிரி. அவருக்குப் பின்னால் படிகள். அப்பா பார்க்க வேண்டிய படிகள். மேலே வெள்ளைவெளேரென்று கோயில். அதன் கூரை விளிம்பில் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் துத்தநாகச் சிலைகளாக வெட்டவெளியில் நிற்கிறார்கள். நம் தோமையார் எவர் என்று கழுத்து வலிக்கத் தேடினேன். அவர் கையில் மூலைமட்டம் இருக்கும் என்று அப்பா சொல்வாரே. கீழிருந்து பார்த்தால் எல்லார் கையிலும் பனிதான் இருந்தது.

உள்ளே முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். மாதா சுரூபம் இல்லை. நம் சபையை எதிர்த்துப் பிரிந்த லூத்தருக்குச் சிலை இருக்கிறது! நம் பங்குச் சாமியாரிடம் சொல்லாதே. அப்பாவிடம் இதைச் சொல்: வரைபடம் போட்ட எங்கெல் என்பவர் 1840இல் வேலை முடியுமுன்னே இறந்துபோனார். அடுத்து வந்தவர்தான் நான்கு சின்னக் கும்மட்டங்களையும் இந்தச் சிலைகளையும் சேர்த்து 1852இல் முடித்தாராம்.

அன்று இரவு மாணவர்கள் தீப்பந்தங்களோடு ஊர்வலமாக வந்தார்கள். ஆயிரம் பந்தம் இருந்தும் கூச்சலே இல்லை. படியில் நின்றால் துறைமுகம் பக்கம்தான். ஆனால் கடலுக்கும் இங்கே சத்தமில்லை, அம்மா. சாந்தோமில் பூசை நடுவில்கூடக் கேட்குமே அந்த இரைச்சல், அது இல்லாமல் எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அதை விடு.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வங்கியில் ஏதோ மாற்றம். மாடி அறையை இந்த வருடம் தொட வேண்டாம், சிமென்ட் விலை இறங்கட்டும். சித்தப்பா கேட்டால் அதையே சொல். தங்கை வளைகாப்புக்கு என் சீட்டை எடுத்துக்கொள். தள்ளுபடி அதிகம் போனால் மட்டும் ஒரு மாதம் பொறு. மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குத் துரு ஏறுமுன் சிமென்ட் பால் பூசிவிடச் சொல். அப்பா ஏற வேண்டாம், தம்பி ஏறட்டும்.

உன் அன்பு மகன்