பன்னிரண்டாம் வாரத்தில் வந்த பெண்கள்

பெண்ணியப் பாடத்திட்டங்களை வகுக்கும் அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் அத்தகைய வகுப்பொன்றில் படித்த தமிழ் மாணவி நான். ஆயினும் இம்மடல், எனக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த, அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த பெண்ணைப் பற்றியது. அவள் குடும்பம் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட, ஸ்பானிய மொழி பேசும் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. தான் பெண்களை நேசிப்பவள் என்பதைத் தாயிடம் எடுத்துச் சொல்லச் சொற்கள் கிடைக்குமா என்று தேடித்தான், 19 வயதில் அவள் அவ்வகுப்பில் சேர்ந்தாள்.

கருத்தடையைப் பெண் விடுதலையின் பெருவெற்றியாகப் பாடம் விவரித்த நாளில் அவள் வாய் திறக்கவில்லை. விடுதி அறைக்குத் திரும்பிய பின்னரே, தன் பாட்டிக்கு 'லா ஓபெராசியோன்', அதாவது நிரந்தரக் கருத்தடை அறுவை, நடந்ததைக் கூறினாள். போர்ட்டோ ரிக்கோவில் 'அந்த அறுவை' என்றாலே போதும், எல்லோருக்கும் புரியும். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது செய்யப்பட்டிருந்ததை 1965-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கருத்தடை மாத்திரையின் பெரிய அளவிலான சோதனை 1956-இல் தொடங்கியதும் அத்தீவின் ஏழைப் பெண்களிடம்தான். 1970-களில் மருத்துவர் ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரியாஸும் அவருடைய தோழியரும், ஒப்புதலுக்கும் அறுவைக்கும் இடையே 30 நாள் அவகாசம் கட்டாயமாக வேண்டும் என்று நியூயார்க்கில் போராடியபோது, அதை எதிர்த்தவர்களில் பெண்ணுரிமை அமைப்புகளும் இருந்தன. கேட்டும் அறுவை மறுக்கப்பட்ட வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்ணின் நிலையிலிருந்து மட்டுமே அவை சிந்தித்தன. பிரசவ வலிக்கிடையே, புரியாத மொழியில் அச்சிட்ட தாளில் கையெழுத்திட்டவள் அவற்றின் கண்ணில் படவில்லை.

இந்த வரலாறு எங்கள் பாடத்தில் இல்லை. இனம், பால், வர்க்கம் போன்ற ஒடுக்குமுறைகள் ஒருவர் வாழ்வில் ஒன்றோடொன்று பின்னி வருவதைக் காணும், சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் பெயரிட்ட குறுக்குவெட்டுப் பார்வை பன்னிரண்டாம் வாரத்தில், 'மற்ற குரல்கள்' என்ற தலைப்பில் வந்தது. (யாருக்கு மற்றவை என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும்.) அதே வாரத்தில்தான் செர்ரி மொராகாவும் க்ளோரியா அன்சால்டுவாவும் 1981-இல் தொகுத்த, வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்துகள் அடங்கிய 'This Bridge Called My Back' என்ற நூலிலிருந்து இரண்டு கட்டுரைகள் தரப்பட்டன. என் தோழி நூலகத்திலிருந்து முழு நூலையும் எடுத்துவந்து விடியும்வரை படித்தாள். பள்ளி இடைவேளையில் ஸ்பானிய மொழி பேசியதற்காக டெக்சாஸில் அடிவாங்கிய அன்சால்டுவா, பெண்களை நேசித்ததையும் மறைக்காமல், இரு மொழிகளையும் கலந்தே எழுதினார் என்று அறிந்தபோது, அது தன் வீட்டுச் சமையலறையின் மொழி என்றாள். தாய்க்கு அவள் எழுதிய கடிதமும் அந்தக் கலப்பு மொழியில்தான் இருந்தது.

பருவம் முடிய இரண்டு வாரங்களே இருந்தன. வகுப்பில் அதைப் பற்றிப் பேச நேரமில்லை. ஆகவே, அடுத்த பாடத்திட்டத்தில் அந்நூலை முதல் வாரத்திலும், லா ஓபெராசியோனைக் கருத்தடை பற்றிய பாடத்திலும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி