தாழ்நிலத்து அறியாமை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வெள்ளப்பெருக்கின் காரணங்கள் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. மழை, மண், நிலச்சரிவு, காடழிப்பு எல்லாம் கட்டுரையாளர் எழுதியிருந்தார், பிழை சொல்ல மாட்டேன். கடைசிப் பந்தியில்தான் 'தாழ்நிலங்களில் குடியேறிய மக்களின் அறியாமையும் ஒரு காரணம்' என்று ஒரு வசனம். அதை வாசித்த பிறகு கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

நான் கிளிநொச்சி முரசுமோட்டைக்காரன். மேட்டில் நெல் விளையாது என்பதால் தாழ்வில் வயலும் வயலுக்குப் பக்கத்தில் வீடும் வைத்திருக்கிறோம். இது அறியாமை என்றால் என் அப்பாவுக்கும் அது இருந்தது, உங்கள் கட்டுரையாளர் சாப்பிடுகிற சோற்றிலும் கொஞ்சம் இருக்கும்.

கனகராயன் ஆற்றைப் பற்றி எங்களுக்குப் பாடம் தேவையில்லை. அது வவுனியாப் பக்கமிருந்து வடக்கே வருகிற ஆறு. கார்த்திகையில் மேலே உள்ள சின்னக் குளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பி வான் பாயும், நிலமும் குடிக்கிற மட்டும் குடித்துவிடும், அதற்குப் பிறகு பெய்கிற மழை உள்ளே இறங்காமல் நேரே ஆற்றுக்குத்தான் வரும். இங்கே வெயில் எறிக்கிற நாளிலும் ஆறு கலங்கி வந்தால் மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோ என்பார் அப்பா. அந்த ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்துக்குக் கீழே நிலம் தட்டை. சுண்டிக்குளம் கடல்நீரேரி நிரம்பி நின்றால் ஆறு போக இடமில்லாமல் வயலில் ஏறி, இரண்டு நாள் நின்று, வண்டலை விட்டுவிட்டுப் போகும். ஆற்றின் பழக்கம் அது, அதில் எங்களுக்குக் கோபமில்லை.

2018 அப்படியா? உங்களுக்கும் தெரியும். இரணைமடுவின் நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தி, டிசம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். நாங்களும் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். சரியாக இரண்டு கிழமை, 21ஆம் திகதி இரவு விடிய விடிய மழை. வான்கதவுகளைத் திறக்கத்தான் வேண்டும், கட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2009இல் கல்மடுக்குளத்தில் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் திறக்கிறோம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டாமா? ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது நான் முழங்கால் தண்ணீரில் நின்று விதைநெல் மூட்டையைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏழு ஆடுகள் கயிற்றோடு போயின. குடலைப் பருவத்துப் பயிர் அழுகியது. எந்த அலுவலகத்தின் பிழை என்று நான் எழுதவில்லை, எழுதினாலும் நீங்கள் போடமாட்டீர்கள். அன்றைய சேற்றுக்கோடு குசினிச் சுவரில் இன்னும் இருக்கிறது, என் இடுப்புக்கு மேலே நாலு விரல். சுண்ணாம்பு அடிக்க மனைவி விடுகிறாளில்லை. கட்டுரையாளர் வந்தால் காட்டுவோம்.

வந்தால் ஆற்றங்கரைக்கும் கூட்டிப் போகிறேன். கரையில் நின்ற பெரிய மருத மரங்களின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. மணல் ஏற்ற டிப்பர் இறங்குவதற்காக இரண்டு மரத்தைத் தறித்துக் கரையைச் சாய்வாக வெட்டினார்கள். மாரி வந்ததும் அதே வழியால் ஆறு எங்கள் காணிக்குள் ஏறியது. டிப்பர் இறங்குகிற வழியால் தண்ணீர் ஏறாதா? மணல் போன பள்ளத்தால் கோடையில் எங்கள் கிணறும் வற்றுகிறது, அது தனிக்கதை. அப்புறம் எங்கள் வீதி. உயர்த்திக் கிரவல் போட்டுத் தந்தார்கள், நன்றி, ஆனால் முன்பு மூன்று மதகு இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு குழாய், ஒரு தென்னோலை போய்ச் சிக்கினால் போதும், வீதியே குளக்கட்டு ஆகிவிடும். கட்டும்போதே போய்ச் சொன்னேன். 'ஐயா, பிளானில் அப்படித்தான் இருக்கு' என்றார் அந்தத் தம்பி. அறிவு அங்கே இருந்தது, அறியாமை என்னிடம்.

புயலுக்கு நிஷா, புரவி, டிட்வா என்று பெயர் வைக்கிறார்கள், நீங்களும் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். மதகைக் குறைத்தவருக்கு ஒரு நாளும் பெயர் வந்ததில்லை. நிஷா வந்த 2008இல் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அன்றைக்கு எங்களைத் தாழ்நிலத்தில் கொண்டுவந்து வைத்தது எங்கள் அறியாமையா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

2019இல் இதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். நாலு வரியாக்கி, 'வெள்ள நிவாரணம் தேவை' என்று தலைப்பும் போட்டீர்கள். நான் நிவாரணம் கேட்கவேயில்லை, அதற்குக் கொடுத்த போட்டோக்கொப்பிகளே ஒரு கட்டு வரும்.

இந்த முறையும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மார்கழி முடியும் வரை, ராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். இரணைமடுவில் நேற்று எத்தனை அடி, எத்தனை வான்கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மாட்டை எப்போது அவிழ்ப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அறியாமையில் வாழும் ஒரு கமக்காரன்,
முரசுமோட்டை.