வாசகர் வட்ட ஆண்டறிக்கை: அமெரிக்கர் இல்லாத ஆங்கிலக் கதைகள்

தலைவர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமலே வாட்ஸ்அப்பில் கைதட்டப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர, மாதக் கூட்டங்கள் ஒழுங்காகவே நடந்தன. ஞாயிறு மாலைகளில் நமக்கு வகுப்பறை தந்துகொண்டிருந்த பள்ளி ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைப் பூட்டிவிட்டதால், பாதி ஆண்டுக்கு மேல் தலைவர் வீட்டு மொட்டைமாடியில்தான் கூடினோம். கொசுவைத் தவிர அங்கே குறை ஒன்றுமில்லை, டீயும் நன்றாக இருந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஜெராக்ஸ் செலவு எகிறியது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரஷ்யா, லத்தீன் அமெரிக்கா என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம் ஆசியாவுக்குள்ளேயே இருக்கும் ஒரு நாட்டை எட்டிப்பார்க்கவில்லையே என்று சென்ற பொதுக்குழுவில் குறை வந்தது. அதனால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய பழைய சிறுகதைகளை மட்டுமே இந்த ஆண்டு முழுக்கப் படிப்பது என்று முடிவானது. முதல் கூட்டத்தில் கதைக்குள்ளேயே போகவில்லை. சொந்த மொழிகள் இத்தனை இருக்கும்போது ஏன் ஆங்கிலத்தில் எழுதினார்கள், இது அடிமைப் புத்தி இல்லையா என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் டீ ஆறும்வரை அதே பேச்சுதான். வரலாறு என்னவோ அவர் பக்கம் இருப்பதுபோலத்தான் தெரியும். 1898இல் ஸ்பெயினிடமிருந்து தீவுகள் அமெரிக்கா கைக்குப் போயின, 1901 ஆகஸ்டில் தாமஸ் என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள், பொதுப்பள்ளிகளில் ஆங்கிலம் பாடமொழி ஆனது, 1908இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகமும் வந்தது. அடுத்து வந்த தலைமுறையே அந்த மொழியில் கதை எழுத ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஆண்டு முழுக்கப் படித்த பிறகு எனக்குத் தெரிந்தது வேறு. பாடம் சொல்லிக்கொடுத்த அந்த அமெரிக்கர்கள் இந்தக் கதைகளுக்குள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அப்பா, அம்மா, அண்ணி, கோயில் ஊர்வலம், வண்டி மாடு, பேக்கரி, இவைதான் இருக்கின்றன. வாங்கிய மொழியை வைத்துக்கொண்டு, கொடுத்தவன் நுழைய முடியாத வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இதை அடிமைப் புத்தி என்று என்னால் சொல்ல முடியாது. தலைமையாசிரியர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தொடங்கியது பாஸ் மார்க்கெஸ் பெனிடெஸ் எழுதிய 'டெட் ஸ்டார்ஸ்' கதையோடு. 1925இல் 'பிலிப்பைன் ஹெரால்ட்' பத்திரிகையில் வந்தது, அந்த நாட்டு ஆங்கிலச் சிறுகதைக்கு இதையே நவீனத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆல்ஃபிரெடோ என்ற வக்கீலுக்கு எஸ்பெரான்ஸாவோடு நிச்சயமாகிவிட்டது, இடையில் ஹூலியா சாலஸ் வருகிறாள், மனசு அந்தப் பக்கம் சாய்கிறது, கடைசியில் கொடுத்த வாக்கின்படி எஸ்பெரான்ஸாவையே கட்டிக்கொள்கிறான். எட்டு ஆண்டுகள் கழித்து வழக்கு வேலையாக ஹூலியாவின் ஊருக்குப் போய் அவளைப் பார்க்கும்போது, இத்தனை நாள் தான் பார்த்துக்கொண்டிருந்தது எப்போதோ அணைந்துபோன நட்சத்திரத்தின் வெளிச்சம் என்று அவனுக்குப் புரிகிறது. எல்லோரும் அந்த நட்சத்திரத்தைப் பற்றியே பேசினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் பாவம் எஸ்பெரான்ஸா என்றார். என்னைச் சலித்துவிட்டது என்றால் நேராகச் சொல்லித் தொலையேன் என்று அவள் வெடித்து அழுகிற அந்த இடத்தில்தான் கதையில் ஒரே ஒருவர் உண்மை பேசுகிறார், மற்றவர்கள் எல்லாம் மரியாதையாக முனகிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆல்ஃபிரெடோ மாதிரி ஆட்களுக்கு இலக்கியத்தில் அளவுக்கு மீறிய அனுதாபம் கிடைத்துவிடுகிறது.

ஆண்டின் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால், யோசிக்காமல் மானுவேல் அர்கில்யா கூட்டத்தைச் சொல்வேன். 'ஹவ் மை பிரதர் லியோன் பிராட் ஹோம் எ வைஃப்' கதை லா யூனியன் மாகாணத்தில் நாக்ரெப்கான் என்ற அவருடைய சொந்தக் கிராமத்தில் நடக்கிறது. அண்ணன் பட்டணத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். கூட்டிவர மாட்டுவண்டியோடு தம்பி பால்டோ போகிறான், கதையைச் சொல்வதும் அவன்தான். நல்ல சாலை இருக்கும்போது வண்டியை இருட்டில் ஓடைப்படுகை வழியாக ஓட்டச் சொல்லியிருக்கிறார் அப்பா. ஏன் என்று யாரும் விளக்குவதில்லை, அண்ணனும் கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிடுகிறான். வீட்டில் அப்பா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில், புரட்சிக் காலத்தில் குண்டடிபட்ட காலோடு, புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருமகளிடம் அவர் ஒரு வார்த்தை பேசுவதைக் கதை காட்டவில்லை. சின்ன மகனிடம்தான் விசாரணை. லபாங்கைப் பார்த்துப் பயந்தாளா? லபாங் என்பது அந்த மாடு. இல்லை அப்பா. வழியில்? நட்சத்திரங்களைப் பார்த்தாள், அண்ணன் பாடினான், அவளும் சேர்ந்து பாடினாள். அப்பா பேசாமல் இருக்கிறார். பரீட்சை முடிந்தது.

நான் மேலே சொன்ன சங்கதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நாட்டின் போர் இந்தக் கதையில் ஒரு கிழவரின் கால்வலியாக மட்டும்தான் வருகிறது. அர்கில்யா அரசியல் தெரியாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பியக்கத்தில் இருந்து, பிடிபட்டு, 1944இல் கொல்லப்பட்டவர். வயது 33. இந்தக் கதையின் பெயரைத் தாங்கிய அவருடைய தொகுப்பு 1940இல் பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் அரசின் இலக்கியப் போட்டியில் பரிசு பெற்றிருந்தது.

கதையை முன்கூட்டியே தமிழில் சொல்லிவிட்டால் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு வசதி என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டதும் அந்தக் கூட்டத்தில்தான். நான் எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன். அந்த ஓடைப்படுகை எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது? கூட்டத்தில் எழுந்த இன்னொரு கேள்வி: அண்ணியின் வாசனை பப்பாளி பூத்த காலைபோல இருந்தது என்று பால்டோ சொல்கிறானே, பப்பாளிப் பூவுக்கு ஏது வாசனை? கொல்லையில் ஆண் பப்பாளி வைத்திருக்கும் உறுப்பினர் எழுந்து உண்டு என்று அடித்துச் சொன்னார். நன்றி.

கார்லோஸ் புலோசானின் 'மை ஃபாதர் கோஸ் டு கோர்ட்' படித்த அன்று மாடியில் ஒரே கூச்சல். பணக்காரர் வீட்டுச் சமையல் வாசனையை ஏழைக் குடும்பம் முகர்ந்து கொழுத்துவிட்டது என்று வழக்கு, ஏழை அப்பா தொப்பியில் காசைப் போட்டுக் குலுக்கி அந்தச் சத்தத்தையே விலையாகக் கொடுத்துவிடுகிறார். இது நம்ம மரியாதைராமன் கதையாச்சே, சுட்டுவிட்டாரே என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வாசனைக்குச் சத்தம் விலை என்கிற கதை உலகத்தில் எத்தனையோ மொழிகளில் உலவுகிறது, யாருக்கும் அதில் பட்டா கிடையாது. புலோசானுடையது என்று சொல்லவேண்டியது வேறு. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து வெளிறிப்போக, ஏழைப் பிள்ளைகள் சிரித்தே பருமனாவது, தீர்ப்புக்குப் பிறகு என் குடும்பம் சிரிப்பதைக் கேட்கிறீர்களா என்று அப்பா நீதிபதியைக் கேட்பது, கடைசியில் நீதிபதியின் சிரிப்பே எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருப்பது, இதெல்லாம் மரியாதைராமனிடம் கிடையாது. அங்கே புத்தி ஜெயிக்கும், இங்கே சிரிப்பு ஜெயிக்கிறது.

எஸ்ட்ரெல்லா அல்ஃபோனின் 'மேக்னிஃபிசன்ஸ்' கூட்டத்தில் கூச்சல் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் சாதுவான மனிதர், பரிசாகப் பென்சில்கள், ஒரு நாள் அவர் சிறுமியிடம் அத்துமீறுவது அம்மா கண்ணில் பட்டுவிடுகிறது. சிறுமியை மாடிக்கு அனுப்பிவிட்டு, வாயைத் திறக்காமல் அறைந்து அறைந்தே அவனைப் படியிறக்கி வெளியே தள்ளுகிறாள். பிறகு மகளைக் குளிப்பாட்டி, உடுத்தியிருந்த துணியை நெருப்பில் போடுகிறாள். பென்சில்களையும் எடுத்துப் போடு என்கிறாள், குழந்தை திரும்பியதும், வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். ஏன் நாளைக்கு என்று நம் உறுப்பினர்களில் மூன்று தாய்மார்கள் மூன்று காரணம் சொன்னார்கள். குழந்தைக்கு அது இன்னும் பென்சில்தான், இன்று எரித்தால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்று ஒருவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஆண் உறுப்பினர்கள் அன்று அதிகம் பேசவில்லை, அதுவும் நல்லதுதான்.

என்.வி.எம். கோன்சாலெஸின் 'பிரெட் ஆஃப் சால்ட்' பற்றிச் சுருக்கமாக. 14 வயதுப் பையன், வயலின், பெரிய வீட்டுப் பெண் ஆயிடா மேல் ஆசை. வாசிக்கப்போன விருந்தில் முட்டைக்கரு மிட்டாய்களைச் சட்டைக்குள் திணித்துக்கொள்ளும்போது அவளே பார்த்துவிடுகிறாள். விருந்தாளிகள் போனதும் பெரிய பொட்டலமாகவே கொடுத்திருப்பேனே என்று அவள் அன்பாகத்தான் சொல்கிறாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பான்.

நிக் வாக்கினின் 'மே டே ஈவ்' கதையைச் சத்தமாக வாசிக்க முயன்ற உறுப்பினர் இரண்டாம் பத்தியிலேயே மூச்சு வாங்கிவிட்டார், ஒரு வாக்கியம் பக்கக்கணக்கில் ஓடினால் யார்தான் என்ன செய்வது. நள்ளிரவில் மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் நின்று வருங்காலக் கணவனைப் பார்க்கப்போகும் அகுவேதா, பின்னால் வந்து நிற்கும் படோய். காலம் போனபின் அவளோ அந்த இரவில் சாத்தானைப் பார்த்தேன் என்று மகளிடம் சொல்கிறாள், அவனோ சூனியக்காரியைப் பார்த்தேன் என்று பேரனிடம் சொல்கிறான். கதை அருமை, ஆனால் என்னைக் கவர்ந்தது ஆசிரியர் வாழ்க்கையில் நடந்த ஒன்று. 1976இல் மார்கோஸ் அரசு தேசியக் கலைஞர் பட்டம் கொடுக்க வந்தபோது, சிறையில் இருந்த கவிஞர் ஹோசே லகாபாவை விடுவித்தால்தான் வாங்குவேன் என்று நிபந்தனை வைத்து, விடுவிக்கவைத்துத்தான் வாங்கிக்கொண்டார். விருதைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று நாம் அடிக்கடி பட்டிமன்றம் நடத்துகிறோம், இப்படி ஒரு வழி இருப்பது நம் யாருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்கா உண்மையாகவே வரும் கதை என்றால் பியென்வெனிதோ சாந்தோஸ் எழுதிய 'சென்ட் ஆஃப் ஆப்பிள்ஸ்'. அதிலும் நாம் எதிர்பார்த்த அமெரிக்கா இல்லை. போர்க்காலம், அமெரிக்காவின் கலமசூ நகரில் பிலிப்பைன்ஸ்காரரான கதைசொல்லி ஒரு கூட்டத்தில் பேசுகிறார். முப்பது மைல் தள்ளியிருக்கும் பண்ணையிலிருந்து செலெஸ்டினோ ஃபாபியா என்ற பிலிப்பைன்ஸ்காரர் வந்து, நம் ஊர்ப் பெண்கள் இருபது வருஷத்துக்கு முன்பு இருந்த மாதிரியே இருக்கிறார்களா என்று கேட்கிறார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். இடிந்த வீடு, அழுகும் ஆப்பிள்கள், ரூத் என்ற அமெரிக்க மனைவி, ரோஜர் என்ற மகன். சுவரில் யாரென்றே தெரியாத ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் பழைய படம், முகம் மங்கிவிட்டது. ஒரு பனிக்காலத்தில் கணவனுக்கு நோவு வந்தபோது அவனைப் பனியில் இழுத்துக்கொண்டு போனவள் ரூத், ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தரை துடைத்தவளும் அவள்தான். ஊர்ப் பெண்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கக்கூடாதா என்று நம் வங்கி அக்காவுக்கு மறுபடி கோபம். ஆனால் சாந்தோஸ் நமக்கு அவளைக் காட்டிவிட்டார், அந்த மனிதருக்கும் அவள் அருமை தெரிந்தே இருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். ஊருக்குப் போனால் உங்கள் ஆட்களைப் பார்க்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார், யாருக்கும் தன்னை ஞாபகம் இருக்காது என்று. வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு வந்த நம் துணைத்தலைவர் அண்ணன் அந்த இடத்தில் எழுந்து போய் டீ போட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த ஆண்டுக்கு: எஃப். சியோனில் ஹோசேயின் 'காட் ஸ்டீலர்', அய்தா ரிவேரா ஃபோர்டின் 'லவ் இன் தி கார்ன்ஹஸ்க்ஸ்' இரண்டும் பாக்கி இருக்கின்றன, அவற்றை முதல் இரண்டு கூட்டங்களில் முடித்துவிட்டு அப்புறம் எந்த நாடு என்று இன்றே வாக்கெடுப்பு. முன்கூட்டியே கதைச் சுருக்கம் சொல்லும் தீர்மானத்தை ரத்து செய்யக் கோரி நான் மறுபடி மனுக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவையாவது ஆதரியுங்கள். அர்கில்யா ஜெராக்ஸ் பிரதிகளைத் திருப்பித் தராதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் வாசிக்க வைக்காதீர்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்காகப் பொருளாளர் மாடிப்படி அருகிலேயே உட்கார்ந்திருக்கிறார், வேறு வழி இறங்க முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்