பறிகொடுத்தவரிடம் என்ன கேட்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மதுரைப் பதிப்பில் நகைப் பறிப்புச் செய்தி வராத வாரம் அபூர்வம். எத்தனை பவுன், எந்த நிற பைக், ஹெல்மெட் போட்டிருந்தார்களா, தனிப்படை அமைத்தாயிற்றா என்று எல்லாம் இருக்கும். பறிகொடுத்தவர் மட்டும் பெயர், வயதோடு முதல் பத்தியிலேயே முடிந்துபோவார். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா சாயங்காலம் நடக்கப் போனபோது தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் துக்கம் விசாரிப்பது போல ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "அம்புட்டு நகையைப் போட்டுக்கிட்டு எதுக்கு நடக்கப் போனீங்க?" புகார் கொடுக்கப் போன இடத்தில் "பில் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். சரி, அது தேவையான கேள்விதான். ஆனால் அவரிடம் சொல்ல வேறு விஷயங்கள் இருந்தன. அந்த வளைவில் தெருவிளக்கு பல நாளாக எரியவில்லை. பக்கத்துக் காலி மனையில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டி, நின்றால் யாருக்கும் தெரியாது. பறித்தவர்களே சற்று முன்பு எதிரே வந்து ஏதோ ஒரு தெருவுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது அவர் மஞ்சள் கயிறோடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னவர்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்வதற்கென்றே விக்டிமாலஜி என்று ஒரு துறை இருக்கிறது. நம் தெருவாசிகள் கேட்ட கேள்வியைத்தான் அந்தத் துறையும் ஆரம்பத்தில் கேட்டது என்பது வேடிக்கை. முன்னோடிகளில் ஒருவரான பெஞ்சமின் மெண்டல்சோன், நடந்ததில் பாதிக்கப்பட்டவரின் தவறு எவ்வளவு என்று தரம் பிரித்தே வைத்தார். பிறகு வந்தவர்கள், பெண்ணிய ஆய்வாளர்கள் குறிப்பாக, அதை விடாமல் எதிர்த்தார்கள். 1985இல் ஐ.நா. பொதுச் சபை பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றித் தனிப் பிரகடனமே வெளியிட்டது.

கேள்வியை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பு நல்ல சான்று. 1980களில் அங்கே வீடு புகுந்து திருடுவது சர்வசாதாரணம். திருடு போன வீட்டுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும், ஏன், பிடிபட்ட திருடர்களையும்கூட உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரு தடவை திருடு போன வீட்டில்தான் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. நாமோ, வந்தவன் இனி இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான் என்று ஆறுதல் சொல்கிறோம்! காசு போட்டு எரிக்கும் கேஸ், மின்சார மீட்டர்களில் சேர்ந்த சில்லறையும் திருடர்களை இழுத்தது தெரிந்தது. அந்த மீட்டர்களை எடுத்தார்கள், கதவு ஜன்னலை பலப்படுத்தினார்கள், திருடு போன வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரைக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. யாரையும் "ஏன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாய்" என்று திட்டி அது குறையவில்லை.

வெட்கப்பட வைத்தால் மனிதர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பிடுங்கும் மோசடியில் இதுதான் நடக்கிறது. ஏமாந்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால் பணத்தை முடக்க வழி உண்டு. ஆனால் மகனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வானோ என்று பயந்தே அந்த நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

சட்டம் நம்மைவிடக் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டுத் திட்டமும் உண்டு. அதைப் பற்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, சங்கிலியை ஊக்கு மாட்டிப் பத்திரப்படுத்தச் சொல்லி மைக்கில் அறிவிக்கிறார்கள். நல்லதுதான். அதோடு, முந்தைய ஆண்டுகளில் நகை தொலைத்தவர்களிடம் சமூகப்பணி படிக்கும் மாணவர்களை அனுப்பி, எந்த இடம், எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து நெருக்கினார்கள் என்று கேட்டு வரச் சொல்லலாம். பெயரும் முகவரியும் காவல்துறையோடு இருக்கட்டும். இடமும் நேரமும் வரைபடத்தில் ஏறினால் போதும். பாதுகாப்புத் திட்டம் முடிவாவதற்கு முன் அதை வைத்து ஒரு கூட்டம் போட்டால், எங்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்,
மதுரை.