ஓடுவது புள்ளியா, கடலா?

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் டிரோன் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். அந்தக் கடற்படை வீடியோவில் கடலை உரசி ஓடும் பொருள் உண்மையிலேயே அவ்வளவு வேகமாகத்தான் போகிறதா என்று நீ கேட்ட கேள்விக்கு, அந்த டிரோனை வைத்தே பதில் காட்டிவிடலாம். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அந்த வீடியோவைப் பார்ப்போம்.

'கோ ஃபாஸ்ட்' என்று எல்லோரும் சொல்லும் அந்த வீடியோத் துண்டு, அமெரிக்கக் கடற்படையின் எஃப்ஏ-18 போர் விமானத்திலிருந்து 2015 ஜனவரியில் அட்லாண்டிக் கடல்மேல் எடுத்தது. விமானத்தின் அடியில் பொருத்திய ஏடிஃப்ளிர் என்ற அகச்சிவப்புக் கேமரா படம் பிடிக்கிறது. ஒரு சின்ன வெளிறிய புள்ளி அலைகளை உரசிக்கொண்டு பாய்வதுபோல இருக்கும். விமானிகளின் குரலிலும் பரபரப்பு தெரியும். முதல்முறை பார்க்கும் எவருக்கும் "எவ்வளவு வேகம்!" என்றுதான் தோன்றும். நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய், அதில் தப்பே இல்லை. கண் வேறு எதையும் சொல்ல வழியில்லாதபடிதான் அந்தப் படம் அமைந்திருக்கிறது.

ஆனால் திரையின் ஓரங்களில் எண்கள் ஓடுகின்றன பார், விஷயம் அவற்றில்தான் இருக்கிறது. மூன்றை எடுத்துக்கொள்: விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் 26 டிகிரி. பொருளுக்கான தூரம் 4.4 கடல் மைல். இந்தத் தூரம் பார்வைக்கோட்டின் வழியே சாய்வாக அளந்தது. தரைமட்டத் தூரம் என்று எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். பலர் வழுக்குவது இங்கேதான். 4.4 கடல் மைல் என்றால் சுமார் 26,700 அடி. அதை சைன் 26-ஆல், அதாவது 0.438-ஆல் பெருக்கினால் 11,700 அடி வரும். அவ்வளவு தூரம் விமானத்துக்குக் கீழே இருக்கிறது அந்தப் பொருள். அப்படியானால் கடலுக்கு மேலே 13,000 அடிக்கும் சற்று அதிகம். அலைகளை உரசவே இல்லை!

ஒரு இடத்தில் கணக்குப் போட்டு நிறுத்தாதே. சில நொடிகள் கழித்துக் கோணம் 35 டிகிரி, தூரம் 3.4 கடல் மைல் என்று காட்டும். அதையும் போட்டுப் பார், மறுபடி 13,000 அடி அளவில்தான் வந்து நிற்கும். இரண்டும் ஒத்துப்போவதால் தூர அளவை நம்பலாம்.

இனி வேகம். அதே 26 டிகிரிக் கோட்டை நீட்டினால் கடலைத் தொட 9.4 கடல் மைல் போகவேண்டும். பொருள் 4.4-இல் இருக்கிறது. ஆக, பொருளுக்கும் அதன் பின்னால் தெரியும் கடலுக்கும் இடையே 5 கடல் மைல் இடைவெளி. கேமரா பொருளை லாக் செய்து திரையின் நடுவில் பிடித்துக்கொண்டிருக்கிறது. விமானம் நகர நகர, அந்தப் பார்வைக்கோடு பொருளை அச்சாணியாக வைத்துச் சுழல்கிறது. கோட்டின் மறுமுனை கடல்மேல் எதிர்ப்பக்கமாக வாரிக்கொண்டு போகிறது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் இடமாறு தோற்றம் என்று படித்தோம். சூத்திரம் ரொம்பச் சின்னது: பார்வைக்கோட்டுக்குக் குறுக்காக நாம் போகும் வேகத்தை, பின்னணிக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, பொருளுக்கான தூரத்தால் வகு.

திரையில் காற்றுவேகம் 254 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்று இருக்கும். அதை அப்படியே எடுக்காதே. 25,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால் உண்மை வேகம் சுமார் 370 நாட். கேமரா இடப்பக்கம் 43 டிகிரி திரும்பியிருக்கிறது, எனவே பக்கவாட்டில் குறுக்காகப் போகும் பங்கு ஏறக்குறைய 250 நாட். அதை 5-ஆல் பெருக்கி 4.4-ஆல் வகுத்தால் 285 நாட், மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல்! காற்றில் அசையாமல் நிற்கும் ஒரு பலூனே கடல்மேல் இந்த வேகத்தில் ஓடுவதாகத் தெரியும். அதுவும் விமானம் போகும் திசைக்கு எதிர்த்திசையில். எந்த வீடியோவிலும் நீ முதலில் கவனிக்க வேண்டியது இந்த எதிர்த்திசையைத்தான்.

இதை இன்னும் மிகைப்படுத்துவது ஜூம். அந்தக் கேமராவின் குறுகிய பார்வை 0.7 டிகிரிதான். முழுநிலாவே அரை டிகிரி இருக்கும், அதை நினைத்துப் பார். அத்தனை குறுகலான சந்து வழியே 9.4 கடல் மைல் தள்ளியிருக்கும் கடலைப் பார்த்தால், திரையில் அடங்குவது சுமார் 210 மீட்டர் அகலம் மட்டுமே. ஒன்றரை நொடியில் அது முழுக்கக் கடந்துபோய்விடுகிறது. அலைகள் கோடுகோடாக ஓடுவதற்கு அதுதான் காரணம். அடிவானமோ மேகமோ எதுவும் படச்சட்டத்துக்குள் இல்லாததால் கண்ணுக்குப் பிடிமானமும் இல்லை. மேகங்கள் விரையும் இரவில் நிலா ஓடுவதாகத் தோன்றுமே, அதே மயக்கம்.

பொருள் உண்மையில் நகர்ந்ததா? நகர்ந்தது. அடையாளம் தெரியாத வான்நிகழ்வுகளைப் பற்றிய நாசாவின் ஆய்வுக்குழு 2023 செப்டம்பர் அறிக்கையில் 22 நொடி இடைவெளியில் இரு புள்ளிகளை எடுத்துக் கணக்கிட்டது. 390 மீட்டர் நகர்ந்திருக்கிறது, மணிக்கு 64 கிலோமீட்டர் அளவு. அந்த உயரத்துக் காற்றே அந்த வேகத்தில் வீசக்கூடும். இப்படிப்பட்ட அடையாளம் தெரியாத பொருள்களை விசாரிக்கும் பென்டகனின் ஆரோ அலுவலகமும் 2024 நவம்பரில் செனட் விசாரணையில் 13,000 அடி உயரம் என்றும், வேகமாகத் தெரிவதற்குக் காரணம் இடமாறு தோற்றம் என்றும் சொன்னது. அந்தப் பொருள் என்ன என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. எங்கே இருந்தது, எவ்வளவு வேகம் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

நீயே கணக்குப் போட உட்கார்ந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த நேரத்தில் விமானம் நேராகப் போகவில்லை, இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. திரையில் செயற்கை அடிவானக் கோடு சாய்ந்திருப்பதைக் கவனி. இதை விட்டுவிட்டு நேர்கோட்டில் பறந்ததாக எடுத்தால், பொருளின் வேகம் 150 நாட் பக்கமாக எகிறிவிடும். கேமராவின் பக்கக் கோணம் விமானத்தின் மூக்கிலிருந்து அளப்பது, மூக்கே திரும்பினால் கோணத்தின் பொருளும் மாறிவிடுகிறது.

'கிம்பல்' என்ற இன்னொரு கடற்படை வீடியோவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அங்கே பேச்செல்லாம் உருவம் சுழல்வதைப் பற்றியது, அது கேமராவின் உள் சுழற்சி சம்பந்தப்பட்ட வேறு கதை.

சரி, டிரோனுக்கு வருகிறேன். காற்றில்லாத விடியற்காலையில், விமான நிலையப் பக்கம் இல்லாத ஒரு திறந்த வெளியில், ஹீலியம் பலூனை 30 மீட்டர் நூலில் கட்டி மேலே விடுங்கள். டிரோனை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, பலூனிலிருந்து தரைமட்டத்தில் 17 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கேமராவை 30 டிகிரி கீழே சாய்த்தால் பலூன் நடுவில் வந்துவிடும். பார்வைக்கோட்டில் பலூன் 20 மீட்டர், தரை 80 மீட்டர், இடைவெளி 60. இப்போது பலூனைச் சுற்றி வட்டமடிக்கும் முறையில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விடுங்கள். கட்டிப்போட்ட பலூன் தரைமேல் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் ஓடும். நூல் தெரியாமல் இருக்க மெல்லிய நைலான் போதும், ஆனால் வட்டத்தின் ஆரத்தைக் குறைக்காதீர்கள். நூல் இறக்கையில் சுற்றினால் டிரோன் போச்சு. பலூன் காற்றில் சாய்ந்து உயரம் இறங்கினால் கணக்கு மாறும், அப்போது கேமராக் கோணத்தை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் எடிட் செய்யாத மூல வீடியோவையும், கூடவே உருவாகும் எஸ்ஆர்டி என்ற பறத்தல் விவரக் கோப்பையும் சேர்த்து அனுப்பு. உயரமும் இடமும் நொடிவாரியாக அதில் பதிவாகியிருந்தால், நீ கண்ட வேகமும் சூத்திரம் சொல்லும் வேகமும் எவ்வளவு விலகுகின்றன என்று இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்